அடுப்பை அணைத்தா அஞ்சலி?

(நினைவுநாள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே!

இன்று காலை இந்த மன்றத்தின் வாயிலில் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டார்கள். இளைஞர் ஒருவர் கயிற்றை இழுத்தார். கொடி பாதி உயரம் ஏறியதும் முடிச்சுப் போடப் போனார். பல ஆண்டுகளாக இம்மன்றத்தின் சாவியை மடியில் முடிந்து வைத்திருக்கும் பெரியவர் அவருடைய கையைப் பிடித்தார். “பாதியிலே நிறுத்தாதே, தம்பி. முதலில் உச்சிக்கு ஏற்று. அங்கே ஒரு கணம் பறக்கட்டும். பிறகு பாதிக்கு இறக்கு. மாலையில் கழற்றும்போதும் மறுபடி உச்சிக்கு ஏற்றிவிட்டுத்தான் கீழே கொண்டுவர வேண்டும்” என்றார்.

பெரியவர் சொன்னது சரி. நாட்டுக் கொடிக்கு வகுக்கப்பட்ட விதியும் அதுதான். உச்சியைத் தொடாத கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடக் கூடாது. இந்தச் சிறு செய்தியை இப்போதைக்கு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

தலைவர் ஒருவர் மறைகிறார். நாம் என்ன செய்கிறோம்? கொடியை இறக்குகிறோம். படத்துக்கு மாலையிடுகிறோம். மலர்வளையம் வைக்கிறோம். இரண்டு மணித்துளி எழுந்து நிற்கிறோம். ‘ஈடு செய்ய இயலாத இழப்பு’ என்று தீர்மானம் எழுதுகிறோம். மறுநாள் ஏட்டில் நம் பெயர் வந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். இவை தவறு என்று நான் சொல்ல வரவில்லை. மனிதன் அழ வேண்டிய நேரத்தில் அழத்தான் வேண்டும். ஆனால், இவற்றோடு கடமை முடிந்துவிட்டதா என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வி என் மூளையில் தானாக உதித்தது அன்று. ஒரு மூதாட்டி எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

நான் மீசை அரும்பிய வயதில், நாடு போற்றிய பெருந்தலைவர் ஒருவர் மறைந்த செய்தி எங்கள் ஊருக்கு வந்தது. உண்மையாகவே அழுதேன், அழுத கண்ணோடு தெருவில் இறங்கினேன். பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு கடைத் தெருவில் நடந்தேன். “மூடு, மூடு” என்று முழங்கினோம். மளிகைக் கடைக்காரர் மூடினார். அவருக்கு ஒரு நாள் வருமானம் பெரிதல்ல. துணிக் கடைக்காரர் மூடினார். துணி ஒரு நாளில் கெட்டுப் போகாது. தெருக்கோடியில், புளியமரத்தடியில், ஒரு மூதாட்டி இட்டலி அவித்துக்கொண்டிருந்தார். அவரிடமும் அதே முழக்கத்தைத்தான் முழங்கினோம். எங்களில் ஒருவன் சொம்புத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினான். புகை எழுந்தது. நான் தடுக்கவில்லை. தலைவனாக நடந்தவன் நான். ஆகையால் ஊற்றியது என் கைதான்.

அந்த மூதாட்டி எங்களைச் சபிக்கவில்லை. மாவுக் குண்டானை மூடினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “அவர் உயிரோட இருந்தா, என் அடுப்பை அணைக்கச் சொல்லியிருப்பாரா, தம்பி?”

எனக்கு விடை தெரியும். சொல்லியிருக்க மாட்டார். அவர் வாழ்நாளெல்லாம் போராடியது அப்படிப்பட்ட அடுப்புகள் எரிய வேண்டும் என்பதற்காக. அவர் பெயரால் நான் செய்தது, அவர் செய்ததற்கு நேர் எதிரானது. அந்தக் கேள்வியை அன்றுமுதல் சுமந்துகொண்டு திரிகிறேன். எந்த நாட்டில் எந்தத் தலைவருக்கு அஞ்சலி நடந்தாலும் அதை அந்தக் கேள்வியால்தான் அளந்து பார்க்கிறேன். இருந்தால் இதைச் சொல்லியிருப்பாரா?

தோழர்களே! மக்களின் துயரம் சாதாரணப் பொருளன்று. அதன் வலிமையை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் ஆதிக்கக்காரர்கள். பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் ஆகிய மூவரையும் 1931-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் காலையில் தூக்கிலிடுவதாக இருந்தது. வெள்ளை அரசு காத்திருக்கவில்லை. முதல் நாள் மாலையிலேயே, லாகூர்ச் சிறையில், தூக்கிலிட்டது. உடல்களை உற்றாரிடம் கொடுக்கவில்லை. இரவோடு இரவாகக் கொண்டுபோய்ச் சட்லெஜ் ஆற்றங்கரையில் எரித்தது. பீரங்கியும் படையும் வைத்திருந்த பேரரசு, உயிரற்ற மூன்று உடல்களைக் கண்டு ஏன் அஞ்சியது? அவற்றின் பின்னால் நடக்கப் போகும் மக்களை எண்ணி அஞ்சியது.

காங்கோ நாட்டின் முதல் பிரதமர் பாட்ரிஸ் லுமும்பாவை 1961-ஆம் ஆண்டு சனவரி 17-ஆம் நாள் சுட்டுக் கொன்றார்கள். பிறகு அந்த உடலை அமிலத்தில் கரைத்தார்கள். கல்லறை ஒன்று எழுந்தால் அங்கே மக்கள் கூடுவார்கள் அல்லவா? கூடக் கூடாது என்பதற்காகக் கரைத்தார்கள். எஞ்சியது ஒரு பல். அதனை ஒரு பெல்ஜியக் காவல் அதிகாரி எடுத்துக்கொண்டு போனார். அறுபது ஆண்டுகளுக்குப் பின், 2022-ஆம் ஆண்டு சூன் திங்களில், பெல்ஜியம் அந்தப் பல்லைக் குடும்பத்தாரிடம் ஒப்படைத்தது. காங்கோ அதனைப் பெட்டியில் வைத்து, நாடெங்கும் ஊர்வலமாகக் கொண்டுசென்று, விடுதலை நாளாகிய சூன் 30-இல் தலைநகரில் அடக்கம் செய்தது. ஒரு பல்லுக்கு ஒரு நாடு எழுந்து நின்றது! துயரத்தைத் தடுத்து வைக்கலாம், தீர்த்துவிட முடியாது.

தடுப்பது ஒரு வழி. அதனைவிட நயமான வழி ஒன்று உண்டு. துயரத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்வது. தடுப்பவனை நாம் பகைவன் என்று உடனே அறிந்துகொள்கிறோம். இந்த இரண்டாவது வழியில் நடப்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள், அன்பு மிக்கவர்கள், நல்லெண்ணம் உடையவர்கள். ஆகையால்தான் இங்கே விழிப்பு மிகுதியாக வேண்டும்.

காந்தியார் கொல்லப்பட்ட மறுநாள், 1948-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள், டில்லியில் இறுதி ஊர்வலம் நடந்தது. அகிம்சையைத் தன் ஆயுதமாகக் கொண்ட அந்த மனிதரின் உடல், ஆயுதம் சுமக்கும் இராணுவ வண்டியில் வைக்கப்பட்டது. முப்படை வீரர்கள் கயிறு கட்டி அதனை இழுத்தார்கள். மரியாதை செய்யும் எண்ணத்தோடுதான் செய்தார்கள், ஐயமில்லை. ஆனால், அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. கொல்லப்படுவதற்கு முதல் நாள் அவர் ஒரு வரைவு எழுதி வைத்திருந்தார். காங்கிரசுக் கட்சி அந்த வடிவில் தன் பணியை முடித்துவிட்டது. இனி அது கலைந்து, ஊர் ஊராகச் சென்று தொண்டாற்றும் சங்கமாக மாற வேண்டும் என்பது அதன் சாரம். பின்னர் அது அவருடைய இறுதி விருப்பம் என்ற பெயரிலேயே அச்சில் வந்தது. வண்டி இழுக்கக் கைகள் கிடைத்தன. விருப்பத்தை நிறைவேற்றக் கைகள் கிடைக்கவில்லை.

நேருவை எடுத்துக்கொள்ளுங்கள். 1954-ஆம் ஆண்டில் எழுதிய விருப்ப ஆவணத்தில், தமக்குச் சமயச் சடங்கு எதுவும் வேண்டாம் என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதினார். அத்தகைய சடங்குகளில் தமக்கு நம்பிக்கையில்லை. வெறும் ஒப்புக்காகச் செய்வதும் தம்மையும் பிறரையும் ஏமாற்றுவதாகும் என்பது அவர் கருத்து. சாம்பலில் ஒரு பிடி, அதுவும் சமயக் காரணத்துக்காக அன்று, கங்கையில் விடப்பட வேண்டும். மிகுதியை வானூர்தியிலிருந்து உழவர்கள் பாடுபடும் வயல்களின் மேல் தூவ வேண்டும் என்றும் கேட்டார். 1964-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் மறைந்தார். சாம்பலைப் பற்றிய விருப்பம் நிறைவேறியது, வயல்களில் தூவினார்கள். ஆனால், மறுநாள் சிதையருகே சடங்கும் நடந்தது, மந்திரமும் ஒலித்தது. எளிதானதைச் செய்தோம். நம்மை உறுத்தியதை விட்டோம்.

நம் நாட்டில் மட்டும் இப்படி என்று எண்ணாதீர்கள். புரட்சி நடந்த நாடுகளிலும் இதே கதைதான். லெனின் 1924-ஆம் ஆண்டு சனவரி 21-ஆம் நாள் மறைந்தார். சில நாள்களுக்குள் அவருடைய துணைவியார் குரூப்ஸ்கயா ‘பிராவ்தா’ ஏட்டில் மக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். துயரம், வெளிப்புற வழிபாடாக மாறிவிட வேண்டாம்; சிலைகளும் அவர் பெயரில் மாளிகைகளும் வேண்டாம்; அவர் பெயரைப் போற்ற விரும்பினால் குழந்தைகள் காப்பகம் கட்டுங்கள், வீடு கட்டுங்கள், பள்ளியும் நூலகமும் மருத்துவமனையும் கட்டுங்கள் என்பது அதன் பொருள். கட்டினார்களா? பள்ளிகளும் கட்டினார்கள், மறுக்கவில்லை. ஆனால், முதலில் எழுந்தது செஞ்சதுக்கத்தில் உடலை வைக்கும் மண்டபம். முதலில் மரத்தால்; 1930-இல் கல்லால். பெத்ரோகிராது நகருக்கு லெனின்கிராது என்று பெயர் சூட்டினார்கள். 1991-இல் அந்தப் பெயர் எடுக்கப்பட்டுவிட்டது. பலகையில் எழுதிய பெயரை அடுத்து வருபவன் அழித்துவிடலாம். ஒரு பள்ளியில் படித்து வெளிவந்த தொழிலாளியின் மகள் பெற்ற எழுத்தறிவை யார் அழிக்க முடியும்?

வியத்நாம் கதை இதனினும் கூரியது. ஹோ சி மின் 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் மறைந்தார். தம் உடலை எரிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். சாம்பலை மூன்று மண் கலங்களில் இட்டு வடக்கு, நடு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளுக்கும் கொடுக்க வேண்டும். ஆடம்பர இறுதிச் சடங்கு நடத்தி மக்களின் நேரத்தையும் பணத்தையும் வீணாக்கக் கூடாது. புதைத்த குன்றின்மேல் சிலை வேண்டாம், காண வருபவர்கள் ஆளுக்கொரு மரம் நடட்டும் என்பவை அவர் விருப்பம். இன்னும் ஒன்று கேட்டார். போரில் வென்றபின், உழவர்களுக்கு ஓராண்டு வேளாண் வரியைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்றார்.

என்ன நடந்தது? 1969-இல் வெளியிட்ட விருப்ப ஆவணத்தில் எரிப்பதைப் பற்றிய பகுதி இல்லை. வரித் தள்ளுபடி பற்றிய பகுதியும் இல்லை. உடலைப் பதப்படுத்தினார்கள். 1975-இல் ஹனோய் நகரில் கல் மண்டபம் திறந்தார்கள். தென்பகுதி மக்களும் அயல்நாட்டு நண்பர்களும் அவர் முகத்தைக் காண வேண்டும் என்பதே காரணம் என்று பின்னால் விளக்கினார்கள். பிரிந்து கிடந்த நாட்டில் அந்த ஆசையை நம்மால் உணர முடிகிறது. ஆனால், விடுபட்ட வரிகளை மக்கள் படிக்க 1989 வரை, இருபது ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வரிகளில் இருந்தது யார்? உழவன். வரி கட்டியவன், மகனைப் போருக்கு அனுப்பியவன், அடுப்பெரியக் காத்திருந்தவன். மண்டபத்துக்குள் தலைவர் வந்தார். ஆவணத்திலிருந்து உழவன் வெளியே போனான். இருந்தால் இதைச் சொல்லியிருப்பாரா?

தோழர்களே! துயரம் செல்லக்கூடிய மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அது நஞ்சு. காந்தியாரைக் கொன்றவனின் சாதியில் பிறந்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக, 1948-இல் மராட்டியப் பகுதிகளில் குற்றமற்றவர்களின் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். அகிம்சையின் பெயரால் தீ! அதே நாள்களில் இங்கே, காந்தியாரோடு நெடுங்காலம் கருத்துப் போர் நடத்திய பெரியார், இந்நாட்டுக்கே காந்தி நாடு என்று பெயர் வைக்கலாம் என்று எழுதினார். மாற்றாரின் சாவில் ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதில்தான் அவனுடைய அரசியலின் தரம் வெளிப்படுகிறது.

1984-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சில நாள்களில், அரசே ஒப்புக்கொண்ட கணக்குப்படி, டில்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் எவர் கையிலும் அந்தத் துப்பாக்கி இல்லை. ‘மக்கள் கொதித்துவிட்டார்கள்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கும்பலுக்கு முன்னால் நடந்தவர்கள் இருந்தார்கள். நானும் ஒரு காலத்தில் பத்துப் பேருக்கு முன்னால் நடந்தவன், ஆகையால் சொல்கிறேன். ஒரு சொம்புத் தண்ணீருக்கும் ஒரு தீப்பந்தத்துக்கும் இடையே உள்ள தொலைவு நாம் நினைப்பதைவிடக் குறைவு. ‘நான் துக்கத்தில் இருக்கிறேன், ஆகையால் எனக்கு எல்லாம் தகும்’ என்ற எண்ணத்தில் இரண்டும் பிறக்கின்றன.

அப்படியானால் நேரிய வழி எது? அதையும் நம் நாட்டு மக்களே காட்டியிருக்கிறார்கள். படித்தவர்கள் காட்டவில்லை, பதவியில் இருந்தவர்கள் காட்டவில்லை, இந்தச் சமுதாயம் எல்லோருக்கும் கீழே வைத்திருந்த மக்கள் காட்டினார்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். அடுத்து டிசம்பர் 16-இல் பம்பாயில் அதே போன்ற நிகழ்ச்சிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. டிசம்பர் 6-ஆம் நாள் டில்லியில் அவர் மறைந்தார். உடல் வானூர்தியில் பம்பாய் வந்தது. 7-ஆம் நாள் தாதர் கடற்கரையில் சிதை அடுக்கினார்கள். ஆலைத் தொழிலாளர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள், கூலிக்காரர்கள், கைக்குழந்தை ஏந்திய தாய்மார்கள் என்று கடலோரத்தில் இன்னொரு கடல் நின்றது. அழுதார்கள். ஆனால், அழுததோடு கலைந்து போகவில்லை. அவர் உடலை முன்வைத்து, அங்கேயே, பல்லாயிரவர் பௌத்தம் தழுவினார்கள். பதந்த் ஆனந்த் கௌசல்யாயன் என்ற துறவி உறுதிமொழி கூற, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! தலைவர் போய்விட்டார், நிகழ்ச்சியை ஒத்திவைப்போம் என்று அவர்கள் சொல்லவில்லை. அவர் செய்யவிருந்த வேலையை, அவர் சிதை எரியுமுன் எடுத்துக்கொண்டார்கள். உலக வரலாற்றில் இதைவிடப் பெரிய மலர்வளையம் எந்தத் தலைவருக்கும் வைக்கப்பட்டதாக நான் அறியேன்.

இன்றும் ஆண்டுதோறும் டிசம்பர் 6-இல் அந்த இடத்துக்கு, சைத்திய பூமிக்கு, இலட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். அருகே சிவாஜி பூங்காத் திடலில் வரிசை வரிசையாகக் கடைகள். என்ன கடைகள்? புத்தகக் கடைகள். கூலி வேலை செய்து சேர்த்த காசில், சோற்று மூட்டையோடு ஊரிலிருந்து வந்து, அம்பேத்கரின் நூல் ஒன்றை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். தமக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பேரப்பிள்ளைக்காக வாங்குபவர்கள் இருக்கிறார்கள். கற்கச் சொன்ன தலைவருக்கு அது பொருந்திய அஞ்சலி. இருந்தால் இதைச் சொல்லியிருப்பாரா? சொல்லியிருப்பார்!

நம் தமிழ்நாட்டுக்கு வருகிறேன். 1969-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் அறிஞர் அண்ணா மறைந்தபோது சென்னையில் திரண்டவர்கள் ஒன்றரைக் கோடிப் பேர் என்று கின்னஸ் நூல் குறித்தது. அந்த எண்ணைப் பெருமையோடு சொல்கிறோம், சொல்லலாம். ஆனால், அவர் பெயர் நிலைப்பது எண்ணிக்கையால் அன்று. அவர் முதலமைச்சராக இருந்தது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. அதற்குள், 1967-இல், சீர்திருத்தத் திருமணம் செல்லும் என்று சட்டம் செய்தார். புரோகிதர் இன்றி, உற்றார் முன்னிலையில், மாலை மாற்றிக்கொள்ளும் ஒவ்வொரு இணையும் அவருக்கு அஞ்சலி செலுத்துகிறது. அவர்களில் பலருக்கு அது தெரியாது. தெரியாமலே செலுத்தப்படும் அஞ்சலியே உயர்ந்த அஞ்சலி.

பெருந்தலைவர் காமராசர் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் மறைந்தார். 1950-களில் அவர் ஆட்சியில் பள்ளிக்கூடங்களில் மதிய உணவு விரிவாகத் தொடங்கியது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக வளர்ந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. கட்சிகள் வேறு, கொடிகள் வேறு, ஒருவரையொருவர் எதிர்த்துத் தேர்தலில் நின்றவர்கள். ஆயினும், ஒருவர் மூட்டிய அடுப்பை அடுத்து வந்தவர் அணைக்கவில்லை. இன்னும் இரண்டு விறகு வைத்தார். காமராசருக்கு எத்தனையோ சிலைகள் இருக்கின்றன. அவற்றையெல்லாம்விட, ஏதோ ஒரு சிற்றூர்ப் பள்ளியின் சமையற்கூடத்திலிருந்து எழும் புகை அவரை உயரத்தில் நிறுத்துகிறது.

இப்போது புரிகிறதா, அந்த மூதாட்டி என்ன கேட்டார் என்பது? அடுப்பை அணைப்பது அஞ்சலியன்று. அடுப்பை மூட்டுவதே அஞ்சலி.

ஆகவே, இங்கே கேட்டுக்கொண்டிருக்கும் தோழர்களுக்கும், நாளை இதை ஏட்டில் படிக்கப் போகும் தோழர்களுக்கும் மூன்று வேலைகள் சொல்கிறேன்.

முதலாவது: தலைவர் மறைந்த நாளில் எந்த ஏழையின் கடையையும் மூடச் சொல்லாதீர்கள். தானாக மூடுபவர் மூடட்டும். பேருந்தின் மேல் கல் விழாமல் காப்பது அன்று நம் தொண்டர் படையின் பொறுப்பு. துயரத்தால் தன்னை மாய்த்துக்கொள்ள எண்ணும் தோழன் எவனாவது இருந்தால், அவனைத் தனியே விடாதீர்கள். அவன் வீட்டுக்குப் போய் உடனிருங்கள். தலைவருக்காகச் சாவதில் பெருமையில்லை. அவர் விட்டுச் சென்ற வேலைக்கு உயிரோடு இருக்கும் கைகள்தாம் வேண்டும்.

இரண்டாவது: நினைவுநாள் தோறும் மாலையிடுமுன், அவர் எழுதியதில் ஒரு பகுதியை உரக்கப் படியுங்கள். அவர் எதை வேண்டினார், அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கணக்குப் பாருங்கள். நமக்கு உவப்பான பகுதியை வைத்துக்கொண்டு, உறுத்தும் பகுதியை வெட்டிவிடாதீர்கள். புகழ்ந்து பொய் சொல்வதும் அவரைக் கொல்வதுதான்.

மூன்றாவது: பெரிய தட்டிகளுக்கும் மலர்வளையங்களுக்கும் ஆகும் செலவில் பாதியை எடுத்து, உங்கள் தெருவில் பாதியில் நின்றுபோன ஏதேனும் ஒரு வேலையை முடியுங்கள். நூலகத்துக்கு அலமாரியாக இருக்கலாம். படிப்பை நிறுத்திய ஒரு சிறுமியின் தேர்வுக் கட்டணமாக இருக்கலாம். நம்மோடு கொடி பிடித்து மறைந்த எளிய தோழனின் குடும்பத்துக்கு ஒரு மாத அரிசியாக இருக்கலாம். அதில் யார் பெயரையும் எழுத வேண்டியதில்லை.

நான் அந்த மூதாட்டியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். சில நாள் கழித்துத்தான் அந்தத் துணிவு வந்தது. புளியமரத்தடியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் பேச வாயெடுப்பதற்குள், “உட்கார் தம்பி, சாப்பிட்டியா?” என்று கேட்டார், இலையில் இரண்டு இட்டலி வைத்தார். தலைவர்கள் எந்த மக்களை நம்பி உயிரைக் கொடுத்தார்கள் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

கூட்டம் முடிந்ததும் வாயிலுக்குப் போங்கள். மாலையில் கொடியை இறக்கப் போகிறார்கள். பெரியவர் சொன்னதை மறவாதீர்கள். கீழே கொண்டுவருமுன் ஒருமுறை உச்சிக்கு ஏற்ற வேண்டும். அந்தக் கயிற்றை இன்று நம்மில் ஒருவர் கை பிடிக்கட்டும்.